‘அரை மணி நேர வேலைதான்!’ – பைக்கை நாமே ரிப்பேர் பண்ணா உண்மையிலேயே பணம் மிச்சமா?



‘மாசச் செலவை எப்படிக் குறைக்கிறது?’ என்று நம்ம சேனலில் எப்போது வீடியோ போட்டாலும் ஒரு யோசனை தவறாமல் வரும். ‘பைக் சர்வீஸை நாமளே பண்ணிக்கலாமே, லேபர் சார்ஜ் மிச்சம்தானே?’

நல்ல யோசனைதான். நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். 150 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 1,210 ரூபாய் கூடுதலா செலவு பண்ணேன். அதைவிட முக்கியமா, உயிருக்கே ஆபத்தாகி இருக்க வேண்டிய ஒரு தப்பு, நூலிழையில் தப்பிச்சேன். அந்தக் கணக்கை முழுசா உங்க முன்னாடி வைக்கிறேன். கடைசியில் எந்த வேலையை நீங்களே பண்ணலாம், எதை மெக்கானிக் கிட்ட விடணும், வருஷத்துக்கு பைக்குக்கு எவ்வளவு ஒதுக்கணும்னு மூணுக்கும் பதில் இருக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை

அப்போ சென்னீர்குப்பத்தில் வாடகை வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை. திருவேற்காடு, அயனம்பாக்கம் வழியா தினமும் பைக்கில்தான் போய் வருவேன். சம்பளம் 24,000 ரூபாய்.

பின் பிரேக் பிடிக்கவே இல்லை. டிரம் பிரேக் வண்டி. பிரேக் ஷூ தேய்ஞ்சு போச்சுன்னு தெரிஞ்சது. தெருமுனை மெக்கானிக் அண்ணாகிட்ட கேட்டேன். ‘ஷூ 280, என் கூலி 150, மொத்தம் 430 ஆகும் தம்பி’ன்னார். அன்னைக்கு ராத்திரியே ஒரு வீடியோ பார்த்தேன். மொத்தமே 12 நிமிஷம். சரி, அவருக்கு 12 நிமிஷம்னா நமக்கு அரை மணி நேரம், அதிகபட்சம் 40 நிமிஷம் ஆகும். எதுக்கு 150 ரூபாய் கொடுக்கணும்?

ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டேன். அதுக்கு அப்புறம் நடந்தது இது:

- டூல்ஸ் தேடினது, இடத்தை ஒழுங்கு பண்ணது, பேப்பர் விரிச்சது: 25 நிமிடம்
- துருப்பிடிச்ச ஆக்சில் நட்டோட மல்லுக்கட்டினது: 50 நிமிடம்
- பூந்தமல்லிக்குப் போய் ஷூ, துரு ஸ்ப்ரே, பெரிய சைஸ் ரிங் ஸ்பேனர் வாங்கினது. ஷூ சைஸ் தப்புன்னு திரும்பப் போய் மாத்தினது: 1 மணி 50 நிமிடம்
- பழைய ஷூவைக் கழற்றிப் புது ஷூ மாட்டினது: 20 நிமிடம்
- வீலை மாட்டினது, ஸ்பேசரைப் போட மறந்ததால் மறுபடி கழற்றி மாட்டினது: 55 நிமிடம்
- செயின், பிரேக் அட்ஜஸ்ட் பண்ணது: 30 நிமிடம்
- கை, தரை, ஸ்பேனர் எல்லாம் கழுவினது: 20 நிமிடம்

மொத்தம் 5 மணி 10 நிமிடம். முடிக்கும்போது ராத்திரி 9.10. கடைசி ஒரு மணி நேரம் செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கிட்டு வேலை பார்த்தேன்.

பட்டியலை இன்னொரு தடவை பாருங்க. ‘பிரேக் ஷூ மாத்துறது’ன்னு நாம சொல்ற வேலை வெறும் 20 நிமிடம்தான். வீடியோவில் இருந்ததும் அந்த 20 நிமிடம்தான், அதையும் எடிட் பண்ணி 12 ஆக்கி இருந்தாங்க. மீதி 4 மணி 50 நிமிடம் அந்த வேலையைச் சுத்தி இருந்த வேலை.

திங்கட்கிழமை காலை

காலை 6 மணி ஷிஃப்ட். 5 மணிக்குக் கிளம்ப வெளியே வந்தேன். வண்டிக்குக் கீழே விரிச்ச நியூஸ் பேப்பர் அப்படியே கிடந்தது. அதை எடுக்கும்போது சின்னதா ஒண்ணு கீழே விழுந்து உருண்டது. ஒரு ஸ்ப்ளிட் பின்.

டிரம் பிரேக் உள்ள பல வண்டிகளில், பிரேக் பிளேட் வீலோட சேர்ந்து சுத்தாம பிடிச்சு வைக்க ஒரு ராடு இருக்கும். அதோட நட்டு கழண்டு போகக்கூடாதுன்னுதான் அந்த பின்னைப் போடுவாங்க. கையால் தொட்டுப் பார்த்தேன். நட்டு விரலாலேயே சுத்துச்சு. இருட்டுல, பசியில, ‘அப்புறம் டைட் பண்ணிக்கலாம்’னு கையால் மட்டும் மாட்டிட்டு மறந்திருக்கேன்.

அந்த நட்டை அங்கேயே டைட் பண்ணிட்டுக் கிளம்பி இருக்கலாம். ஆனா ஒண்ணை மறந்திருக்கேன்னா, இன்னொண்ணை மறக்கலைன்னு யார் சொல்றது? வண்டியை அப்படியே விட்டுட்டு ரெண்டு பஸ் மாறிப் போனேன். லேட். அரை நாள் சம்பளம் போச்சு. அந்த மாச அட்டெண்டன்ஸ் அலவன்ஸும் போச்சு.

சாயங்காலம் மெக்கானிக் அண்ணா வந்து எல்லாத்தையும் ஒரு தடவை செக் பண்ணி, புது பின் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கலை. ஒண்ணே ஒண்ணு சொன்னார்: ‘தம்பி, அந்த ராடு கழண்டிருந்தா, பிரேக் அடிச்ச இடத்துலயே பின்வீல் பூட்டிக்கும். பின்னாடி லாரி வந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோ.’

இப்போ பணக் கணக்கு:

- பிரேக் ஷூ: 280 ரூபாய்
- துரு ஸ்ப்ரே: 160 ரூபாய்
- ரிங் ஸ்பேனர்: 240 ரூபாய்
- பூந்தமல்லி போய் வந்த செலவு: 60 ரூபாய்
- அரை நாள் சம்பளம்: 400 ரூபாய்
- அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்: 500 ரூபாய்

மொத்தம் 1,640 ரூபாய். மெக்கானிக் கேட்டது 430. வித்தியாசம் 1,210 ரூபாய். இதுதான் நான் ‘மிச்சம் பிடிச்ச’ லட்சணம்.

ஏன் நம்ம மனக்கணக்கு எப்பவும் தப்புது?

இது என் முட்டாள்தனம் மட்டும் இல்லை, மனுஷ மூளையோட பழக்கம். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற ரெண்டு உளவியலாளர்கள் 1979-லேயே இதைப் பத்தி எழுதி, ‘பிளானிங் ஃபாலஸி’ என்று பேரும் வெச்சாங்க. திட்டமிடும்போது வரும் மயக்கம்னு சொல்லலாம். இதே கானமனுக்குத்தான் 2002-ல் பொருளாதார நோபல் கிடைச்சது.

கனடாவில் நடந்து 1994-ல் வெளியான ஒரு ஆய்வு இன்னும் சுவாரசியம். பட்டப்படிப்பு மாணவர்கள்கிட்ட ‘உங்க ஆய்வுக் கட்டுரையை எத்தனை நாளில் முடிப்பீங்க?’ன்னு கேட்டாங்க. சராசரியா சுமார் 34 நாள்னு சொன்னாங்க. ‘சரி, எல்லாமே மோசமாப் போனா?’ன்னு கேட்டாங்க. சுமார் 49 நாள்னு சொன்னாங்க. உண்மையில் ஆனது சுமார் 55 நாள். அதாவது, ‘எல்லாமே சொதப்பினா’ன்னு போட்ட கணக்கைவிடவும் அதிகம்!

காரணம் இதுதான்: நாம வேலையை நினைச்சுப் பார்க்கும்போது, அது தடங்கல் இல்லாம நடக்கிற மாதிரி மட்டுமே மனசுல ஓட்டிப் பார்க்கிறோம். போன தடவை எவ்வளவு நேரம் ஆச்சுன்னு யோசிக்கிறதே இல்லை. வீடு கட்டும் பட்ஜெட், கல்யாண பட்ஜெட், ‘ரெண்டு வருஷத்துல லோனை அடைச்சிடுவேன்’ எல்லாம் இந்த மயக்கத்தோட பிள்ளைங்கதான்.

எஸ்டேட்டில் தெரியும், வீட்டில் மறந்துடும்

நம்ம மேற்கு சென்னை பக்கம் வேலை பார்க்கிற உங்களில் பலருக்கு ‘சைக்கிள் டைம்’, ‘செட்டப் டைம்’ என்ற ரெண்டு வார்த்தையும் நல்லாத் தெரியும். மெஷினில் ஒரு பீஸ் ஓட 2 நிமிஷம் ஆகலாம். ஆனா டை மாத்தி, டூல் செட் பண்ணி, முதல் பீஸை இன்ஸ்பெக்ஷனுக்கு அனுப்பி ஓகே வாங்க அரை ஷிஃப்ட் போகலாம்.

பாடியில் பிரேக்ஸ் இந்தியா இருக்கு, அம்பத்தூரில் டிஐ செயின் தயாரிக்குது. வண்டிச் சாமான் பலது நம்ம ஏரியாவிலேயே உருவாகுது. அந்த மாதிரி தொழிற்சாலைகளில் ஒரு நட்டை டைட் பண்ண தனி டூல், தனி அளவு, தனி ஆள் இருப்பாங்க. அதே நட்டை நாம வீட்டு வாசலில், அரைகுறை ஸ்பேனரோட, வெயிலில் உட்கார்ந்து கழற்றுறோம். அப்புறம் எப்படி அதே நேரத்தில் முடியும்?

வீட்டு வேலையில் செட்டப் டைம் ஒளிஞ்சிருக்கிற இடம் ஐந்து:

1. துரு. வீடியோவில் வர்ற வண்டி புதுசா இருக்கும். நம்ம வண்டி மழையில் நிக்கிற வண்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தப்போ வெள்ளத்தில் நின்ன வண்டிகளை நினைச்சுப் பாருங்க. தண்ணி வடிஞ்சாலும் ஆக்சிலுக்கு உள்ளே போன ஈரம் வேலையைக் காட்டும். துருப்பிடிச்ச நட்டை அவசரப்பட்டுத் திருகினா முனை மழுங்கிடும். அப்புறம் எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

2. டூல். வண்டியோட வர்ற டூல் கிட் அவசரத்துக்கு மட்டும்தான். ஆக்சில் நட்டுக்கு நீளமான கைப்பிடி உள்ள ஸ்பேனர் வேணும்.

3. சாமான். டிரம் சைஸே 110 மி.மீ., 130 மி.மீ. என்று வண்டிக்கு வண்டி மாறும். பேரைச் சொல்லி வாங்கினா தப்பா வரும். பூந்தமல்லியில் கிடைக்கலைன்னா ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரைக்கும் போக வேண்டி வரலாம்.

4. திரும்ப மாட்டுறது. கழற்றுறது சுலபம். எந்த வாஷர் எந்தப் பக்கம், எது முதல்ல எது அப்புறம் என்பதுதான் நேரம் தின்னும்.

5. ‘இதையும் பார்த்துடலாம்.’ வீலைக் கழற்றினதும் செயின் கண்ணில் படும், செயினைத் தொட்டா ஸ்ப்ராக்கெட் கண்ணில் படும். ஒரு வேலை மூணாகும்.

அப்போ நாமளே பண்ணவே கூடாதா?

அப்படிச் சொல்லலை. அதுக்குத்தான் அடுத்த கணக்கு.

உங்க ஒரு மணி நேரத்தோட மதிப்பு என்ன? மாசம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம்னா 208 மணி நேரம். 24,000-ஐ 208-ஆல் வகுத்தா 115 ரூபாய். உங்க சம்பளத்தைப் போட்டு இப்பவே கணக்குப் பார்த்துக்கோங்க. முதல் தடவை 5 மணி 10 நிமிடம் உழைச்சு 150 ரூபாய் மிச்சம்னா, மத்த செலவை எல்லாம் விட்டாலும், மணிக்கு 29 ரூபாய்தான்.

ஆனா அடுத்த தடவை பிரேக் ஷூ மாத்தினப்போ எனக்கு 55 நிமிடம்தான் ஆச்சு. ஸ்பேனர் கையில் இருந்தது. சரியான ஷூவை முன்னாடியே வாங்கி வெச்சிருந்தேன். போன தடவை கிரீஸ் தடவி மாட்டினதால் ஆக்சில் சுலபமா வந்தது. 55 நிமிடத்தில் 150 ரூபாய்னா, மணிக்கு 164 ரூபாய். என் அன்றைய சம்பளத்தைவிட அதிகம்!

டூலுக்குப் போட்ட பணம் ஒரு முதலீடு. ஒரே ஒரு வேலைக்காக வாங்கினா நஷ்டம், பத்து வேலைக்குப் பயன்பட்டா லாபம். அதனால் அடிக்கடி வர்ற, சுலபமான வேலையை மட்டும் நீங்க கத்துக்கோங்க. எப்பவாவது வர்ற, கஷ்டமான வேலையை விட்டுடுங்க.

இன்னொரு நேர்மையான விஷயம். ஞாயிற்றுக்கிழமை நேரத்துக்கு யாரும் சம்பளம் தரப்போறதில்லை. பைக் வேலை உங்களுக்குப் பிடிச்சா அது பொழுதுபோக்கு, கணக்கே பார்க்க வேண்டாம். ஆனா அதுக்காக ஓவர்டைமையோ, தூக்கத்தையோ, குழந்தைகூட இருக்கிற நேரத்தையோ விட்டா, அது செலவுதான்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

பச்சை – தைரியமா நீங்களே பண்ணுங்க

- டயர் காற்று செக் பண்றது. மைலேஜ், டயர் ஆயுள் ரெண்டுக்கும் இதுதான் முதல் வைத்தியம்.
- செயினைத் துடைச்சு லூப் போடுறது. 500-600 கிலோமீட்டருக்கு ஒரு தடவை. 15 நிமிஷம்னு நினைப்பீங்க, முதல் தடவை 45 ஆகும். இன்ஜினை ஓடவிட்டு செயினைத் துடைக்கவே துடைக்காதீங்க, விரல் போயிடும். வண்டியை ஆஃப் பண்ணிட்டு வீலைக் கையால் சுத்துங்க.
- ஏர் ஃபில்டர் மாத்துறது, பேட்டரி டெர்மினல் சுத்தம் பண்றது. பேட்டரியில் கழற்றும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசி.
- கிளட்ச் கேபிள் ஃப்ரீ பிளே அட்ஜஸ்ட் பண்றது.

மஞ்சள் – ஒரு தடவை மெக்கானிக் பக்கத்தில் நின்னு பார்த்துட்டுப் பண்ணுங்க

- இன்ஜின் ஆயில் மாத்துறது. ட்ரெய்ன் போல்ட்டை அளவுக்கு மீறி டைட் பண்ணா இன்ஜின் பக்கத்து மரை போயிடும். 50 ரூபாய் கூலிக்கு ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கில் செலவாகும். கார் ஆயில் ஊத்தாதீங்க. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே இருக்கு, அதனால் டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ தரம் இருக்கான்னு பார்த்து வாங்கணும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊத்தாதீங்க. ஆவடி ரோட்டில் போகும்போது நாம தாண்டுற கூவத்துலதான் அது போய்ச் சேரும். பாட்டிலில் பிடிச்சு மெக்கானிக் கடையில் கொடுத்துடுங்க.
- ஸ்பார்க் பிளக் மாத்துறது. முதல் சில சுத்து கண்டிப்பா கையால்தான். கோணலா ஏத்தி ஸ்பேனர் போட்டா அலுமினியம் ஹெட்டோட மரை காலி.
- செயின் டென்ஷன், பின் பிரேக் ஷூ. செயின் அட்ஜஸ்டர் ரெண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிக்கணும். செயினை அட்ஜஸ்ட் பண்ணா பின் பிரேக்கையும் திரும்ப அட்ஜஸ்ட் பண்ணணும்.

சிவப்பு – காசு கொடுத்துடுங்க

- டிஸ்க் பிரேக் ஆயில், பிளீடிங்
- கிளட்ச் பிளேட், ஃபோர்க் ஆயில் சீல், வீல் பேரிங்
- ஃபியூயல் இன்ஜெக்ஷன் சம்பந்தப்பட்ட எதுவும்

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தா, வாரண்டி புக்கை முதல்ல படிச்சிடுங்க.

நான் இப்போ கடைப்பிடிக்கிற ஆறு விதிகள்

1. முதல் தடவைன்னா மூணால் பெருக்கு. அரை மணி நேரம்னு தோணினா ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. வண்டியில் துரு இருந்தா இன்னும் கூட.

2. ஞாயிறு சாயங்காலம் ஸ்பேனரைத் தொடாதே. வார லீவின் முதல் நாள் காலையில் ஆரம்பிங்க. சொதப்பினாலும் கடை திறந்திருக்கும், மெக்கானிக் இருப்பார், வெளிச்சம் இருக்கும்.

3. சாமான் கைக்கு வராம வண்டியைக் கழற்றாதே. வண்டி மாடல், வருஷம் ரெண்டையும் சொல்லி வாங்குங்க. துரு நட்டுக்கு முந்தின ராத்திரியே ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க.

4. கழற்றும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு ஃபோட்டோ. கழற்றின நட்டு, வாஷர், பின் எல்லாம் ஒரே தட்டில், கழற்றின வரிசையில். வேலை முடிஞ்சு தட்டில் ஏதாவது மிச்சம் இருந்தா வண்டி ரெடி இல்லை.

5. நிறுத்துற நேரத்தை முன்னாடியே முடிவு பண்ணு. ‘12 மணிக்குள்ள இந்த நட்டு கழலலைன்னா அண்ணாவைக் கூப்பிடுவேன்’னு ஆரம்பிக்கும்போதே முடிவு பண்ணுங்க. ‘இவ்வளவு நேரம் போட்டாச்சே, விடக்கூடாது’ன்ற பிடிவாதம்தான் விழுந்துக்கிட்டே இருக்கிற ஷேரை விக்க விடாம நம்மைப் பிடிச்சு வைக்கிறதும்.

6. கடைசி 15 நிமிஷம் செக்கிங்குக்கு மட்டும். சாப்பிட்டுட்டு, தண்ணி குடிச்சிட்டு வந்து, தொட்ட ஒவ்வொரு நட்டையும் திரும்பத் தொடுங்க. பிரேக் வேலைன்னா தெருவுக்குள்ளேயே மெதுவா ஓட்டிப் பல தடவை பிரேக் அடிச்சுப் பாருங்க. அப்புறம்தான் மெயின் ரோடு.

பைக்குக்கு ஒரு தனி உண்டியல்

150 ரூபாய்க்காக நான் அவசரப்பட்டதுக்கு உண்மையான காரணம் வேற. மாசக் கடைசி, கையில் காசு இல்லை. பைக் செலவை எதிர்பாராத செலவுன்னு நினைச்சதுதான் தப்பு. பிரேக் ஷூ தேயும், டயர் தேயும், பேட்டரி சாகும், இன்சூரன்ஸ் வருஷா வருஷம் வரும். தேதிதான் தெரியாது, செலவு நிச்சயம்.

ஒரு உதாரணம் பாருங்க:

- சர்வீஸ் 4 தடவை, தலா 900: 3,600 ரூபாய்
- இன்சூரன்ஸ்: 1,800 ரூபாய்
- பிரேக், கேபிள், பல்பு மாதிரி சில்லறைச் செலவு: 1,000 ரூபாய்
- டயர், பேட்டரி, செயின் செட்டுக்காக வருஷா வருஷம் ஒதுக்க வேண்டியது: 2,800 ரூபாய்

மொத்தம் 9,200 ரூபாய். 12-ஆல் வகுத்தா மாசம் 767, சுமாரா 800 ரூபாய். உங்க பழைய பில்களை எடுத்து உங்க வண்டிக்கான எண்ணைப் போட்டுக்கோங்க. சம்பளம் வந்த மறுநாளே அந்தத் தொகை ஒரு ஆர்டிக்கோ தனி சேமிப்புக் கணக்குக்கோ தானாப் போற மாதிரி செட் பண்ணிடுங்க.

இந்த உண்டியல் இருந்தா என்ன ஆகும் தெரியுமா? ‘நானே பண்ணலாமா, கொடுத்துடலாமா?’ன்ற முடிவை காலி பர்ஸ் எடுக்காது, நீங்க எடுப்பீங்க. பிரேக் விஷயத்தில் அந்த ஒரு வித்தியாசம் ரொம்பப் பெரிசு.

அந்த ஸ்ப்ளிட் பின் இன்னைக்கும் என் டூல் பாக்ஸில் தனியா ஒரு டப்பியில் இருக்கு. ஸ்பேனரை எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படும். வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மணி என்னன்னு பார்த்துப்பேன்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. பச்சைப் பட்டியலில் ஒண்ணை எடுத்து, எவ்வளவு நேரம் ஆகும்னு முதல்ல ஒரு பேப்பரில் எழுதுங்க. முடிச்சதும் உண்மையில் ஆன நேரத்தைப் பக்கத்தில் எழுதுங்க. அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான், நீங்க போடுற எல்லா பட்ஜெட்டிலும் விட்டுப்போற தொகை.

பத்திரமா ஓட்டுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்.